கதையைக் கொடுத்தால் விளையாட்டு வருகிறது. அது யார் எழுதிய கதை?

ஒரு சிறுகதையை நகலெடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் ஒட்டி, "இதை விளையாட்டாக மாற்றிக் கொடு" என்று கேட்டால் போதும். சில நிமிடங்களில் விளையாடக்கூடிய ஏதோ ஒன்று திரையில் வந்துவிடுகிறது. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் இதை ஏற்கெனவே செய்து பார்த்திருப்பார்கள். "புத்தகத்தை எடுக்கச் சொன்னால் ஓடுகிற பிள்ளை, கதையை வைத்து விளையாடவாவது செய்கிறதே" என்று பெற்றோர் நிம்மதி அடைவதும் உண்டு.

அந்த நிம்மதியைக் கெடுப்பது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. ஆனால் கதை விளையாட்டாக மாறும்போது இடையில் என்ன நடக்கிறது என்பதை வாப்பாவும் உம்மாவும் தெரிந்துகொள்வது அவசியம். கதையில் இருப்பதைத்தான் இயந்திரம் எடுத்துத் தருகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். விளையாடிப் பார்த்தால், அதில் பெரும்பகுதி கதையில் இல்லவே இல்லாதது என்று தெரியும்.

மகள்களுக்காக ஒரு குகை

எழுத்தால் ஆன கணினி விளையாட்டுக்கு வயது ஐம்பது ஆகிறது. அமெரிக்காவில் வில் குரௌதர் என்ற நிரலாளர் 1975-76 வாக்கில் தம் இரு மகள்கள் விளையாடுவதற்காக ஒரு நிரல் எழுதினார். கெண்டக்கி மாநிலத்து மாமத் குகைக்குள் இறங்கி வரைபடம் எடுத்த அனுபவம் அவருக்கு இருந்தது. அந்தக் காலத்தில்தான் அவருக்கு மணமுறிவும் ஏற்பட்டிருந்தது. பிள்ளைகளோடு சேர்ந்து பொழுதைக் கழிக்க ஏதாவது வேண்டும் என்று அவர் விரும்பினார். நிரலில் படம் எதுவும் கிடையாது. நிற்கும் இடத்தைத் திரை வாக்கியங்களில் சொல்லும். "வடக்கே போ", "விளக்கை எடு" என்பதுபோல ஒன்றிரண்டு சொற்களில் பிள்ளை பதில் தட்டச்சு செய்ய வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் 1977இல் இதை விரிவாக்க, 'கொலோசல் கேவ்' என்ற பெயரில் அது எங்கும் பரவியது.

இது குகையிலிருந்து வந்த விளையாட்டு. நாவலிலிருந்து வந்தவற்றில் பேர்பெற்றது 1982இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உருவான 'தி ஹாபிட்'. டோல்கீனின் நாவலை வெரோனிகா மெக்லர், பிலிப் மிட்செல் ஆகியோர் விளையாட்டாக்கினார்கள். அதில் வரும் பாத்திரங்கள் நாம் ஒன்றும் செய்யாதபோதும் தம் போக்கில் நடமாடும். நாம் ஆபத்தில் நிற்கும்போது தோரின் என்ற குள்ளர் தலைவர் சாவகாசமாக உட்கார்ந்து தங்கத்தைப் பற்றிப் பாடத் தொடங்கிவிடுவார். நாம் சந்திக்க வேண்டிய பாத்திரம் வேறெங்கோ சண்டையில் இறந்துபோயிருக்கவும் கூடும். நாவலில் அப்படி எதுவும் இல்லை. உலகம் ஒன்றைக் கட்டி அதற்கு விதிகளைக் கொடுத்துவிட்டால், கதாசிரியர் எழுதாதவையும் அங்கே நடக்கத் தொடங்கிவிடும்.

கதைக்கும் விளையாட்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். கதையில் நடப்பது ஒரே ஒரு பாதை. கதாநாயகன் கதவைத் திறந்தான் என்று எழுதியிருந்தால் அத்தோடு முடிந்தது. விளையாட்டிலோ கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகக் குதித்தால் என்ன, கதவை உடைத்தால் என்ன, திரும்பி வீட்டுக்கே போய்விட்டால் என்ன என்று எல்லாவற்றுக்கும் பதில் இருக்க வேண்டும். கதாசிரியர் சொல்லாத இந்தப் பதில்களை யாராவது தர வேண்டும். குரௌதரின் விளையாட்டில் ஒரு தகப்பன் தந்தார். ஹாபிட்டில் இரு நிரலாளர்கள் தந்தார்கள். இப்போது இயந்திரமே தருகிறது.

மூழ்கிப்போன புவியீர்ப்பு

சொல்லாமல் விட்டதை ஊகிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மீஹன் என்ற ஆய்வாளர் 1976இல் 'டேல்-ஸ்பின்' என்ற நிரலை உருவாக்கினார். விலங்குகள், பசி, தாகம், காடு, ஆறு என்று ஒரு சின்ன உலகத்தின் விதிகளைக் கொடுத்தால் அது கதை சொல்லும். அதாவது நாம் பேசிக்கொண்டிருப்பதற்கு எதிர்த்திசைப் பயணம். அந்த நிரல் சொன்ன நல்ல கதைகளை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. தவறிப்போன கதைகள்தான் இன்றும் பேசப்படுகின்றன.

ஒரு கதையில் எறும்பு ஆற்றில் விழுகிறது. விழுவது என்றால் புவியீர்ப்பு அதை இழுத்துச் செல்வது என்று நிரலுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆகவே எறும்போடு புவியீர்ப்பும் ஆற்றுக்குள் வந்துவிட்டது. எறும்பைக் காப்பாற்ற நண்பன் இருந்தான். புவியீர்ப்புக்குக் கையுமில்லை, காலுமில்லை, நண்பனுமில்லை. எனவே புவியீர்ப்பு நீரில் மூழ்கி இறந்தது! இன்னொரு கதையில் ஒரு கரடிக்குப் பசி. மரத்தில் தேன்கூடு இருக்கிறது என்று பறவை சொல்கிறது. கூடு இருந்தால் தேன் இருக்கும் என்ற பொது அறிவு நிரலுக்கு இல்லாததால், கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று கரடி பறவையை மிரட்டியது. மீஹன் அதைத் திருத்தினார். அடுத்த முறை கரடி மரத்துக்கு நடந்துபோய்த் தேன்கூட்டையே தின்றுவிட்டது.

ஐந்து வயதுப் பிள்ளைகூடச் செய்யாத பிழைகள். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த எதையும் கதையில் யாரும் எழுதி வைப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

இயந்திரம் கதையை எப்படிப் படிக்கிறது?

பெரிய மொழி மாதிரிகள் வந்தபின் இந்தப் பொது அறிவுக் குறை ஓரளவு சரியானது. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் மார்க் ரீடலின் ஆய்வுக் குழு 2020இல் வெளியிட்ட ஒரு முறையைப் பார்த்தால் வேலை எப்படி நடக்கிறது என்பது புரியும். துப்பறியும் கதைகளையும் தேவதைக் கதைகளையும் எடுத்துக்கொண்டார்கள். கதையை இயந்திரத்திடம் கொடுத்துக் கேள்விகள் கேட்டார்கள். இதில் யார் யார் வருகிறார்கள்? என்னென்ன இடங்கள்? என்னென்ன பொருட்கள்? இந்தப் பொருள் எந்த இடத்தில் இருக்கிறது? இந்த இடத்துக்குப் பக்கத்து இடம் எது? வந்த பதில்களைக் கோடுகளால் இணைத்தால் ஒரு வலைப்படம் கிடைக்கும். பிறகு ஒவ்வோர் இடத்துக்கும் ஆளுக்கும் பொருளுக்கும் வருணனையை இன்னொரு மொழி மாதிரி எழுதும். நடமாடுவதற்கு ஓர் உலகம் தயார்.

இங்கே கிடைத்தது உலகம்தான். கதையின் போக்கு, அதன் முடிச்சு, ஒருவன் ஏன் அப்படிச் செய்தான் என்பதெல்லாம் அந்த வலைப்படத்தில் இல்லை.

தமிழ்க் கதைக்கு இன்னும் ஒரு தொல்லை சேர்கிறது. "பெட்டியை எடுத்தாள். திறந்து பார்த்தாள். மறுபடி மூடி வைத்துவிட்டாள்." முதல் வாக்கியத்தைத் தவிர மற்றவற்றில் பெட்டியே இல்லை, எடுத்தவள் யார் என்பது எதிலும் இல்லை. தமிழில் இது இயல்பு. நாம் தடுமாறுவதே இல்லை. இயந்திரமோ ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் ஆளையும் பொருளையும் பின்னோக்கித் தேடிப் பொருத்த வேண்டும். ஆங்கில எழுத்து இணையத்தில் குவிந்து கிடப்பதுபோலத் தமிழ் எழுத்து இல்லை. பயிற்சி குறைந்த மொழியில் பிழை கூடும்.

ஹய்யின் தீவில் ஒரு சோதனை

ஒரு கதையை எடுத்துப் பார்ப்போம். இப்னு துஃபைல் எழுதிய 'ஹய்யு இப்னு யக்ழான்'. ஆசிரியர் 12ஆம் நூற்றாண்டில் அன்தலூஸில், அதாவது இன்றைய ஸ்பெயினில் பிறந்தவர், முவஹ்ஹிதுகளின் கலீஃபா அபூ யஃகூப் யூசுஃபின் மருத்துவர், கி.பி. 1185இல் மறைந்தவர். நூல் 1671இல் லத்தீனிலும் 1708இல் அரபியிலிருந்து நேரடியாக ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பா முழுதும் படிக்கப்பட்டது. கதை நடக்கும் இடம் பூமத்திய ரேகைக்கு அருகே இந்தியாவைச் சேர்ந்த ஒரு தீவு என்று ஆசிரியர் சொல்வது நமக்குச் சுவையான செய்தி.

ஹய்யு என்ற குழந்தை ஆளில்லாத தீவில் தனியே கிடக்கிறது. பெண்மான் ஒன்று பாலூட்டி வளர்க்கிறது. விலங்குகளின் ஒலியைப் பழகுகிறான். இலைகளால் உடலை மூடுகிறான். இறந்த கழுகின் தோலையும் இறகையும் உடையாக்குகிறான். ஒருநாள் மான் இறந்துவிடுகிறது. அதை எழுப்பப் பார்க்கிறான்; முடியவில்லை. எது போனதால் இது அசையாமல் கிடக்கிறது என்று அறியக் கூரிய கல்லாலும் காய்ந்த நாணலாலும் மார்பைத் திறந்து இதயத்தைப் பார்க்கிறான். அதன் ஓர் அறை காலியாக இருக்கிறது. தன்னை வளர்த்தது இந்த உடல் அல்ல, இதிலிருந்து போய்விட்ட ஒன்று என்று உணர்கிறான். ஒரு காகம் இன்னொரு காகத்தைக் கொன்று மண்ணில் புதைப்பதைக் கண்டு தானும் மானைப் புதைக்கிறான். (ஆதம் நபியின் மக்கள் வரலாறு நமக்கு உடனே நினைவுக்கு வரும்.) அங்கிருந்து தொடங்கி, படைத்தவனைப் பற்றிய சிந்தனை வரை அவன் அறிவு ஏறிச் செல்வதுதான் நூல்.

இதை இயந்திரத்திடம் கொடுத்தால்? இடங்களாகத் தீவு, கரை, காடு. ஆட்களாக ஹய்யு, மான், காகங்கள், பிற்பகுதியில் அவனைத் தேடாமலே வந்து சேரும் அப்ஸால். பொருட்களாகப் பெட்டி, இலை, இறகு, நாணல், கல், நெருப்பு. அழகாகப் பிரித்தெடுத்துவிடும். உணவு தேடு, நெருப்பு மூட்டு, உடை செய், உயிர்பிழை என்று ஒரு சர்வைவல் விளையாட்டும் பிறந்துவிடும். பார்க்கக் குறையொன்றும் தெரியாது.

மான் நோயில் படுத்திருக்கும் இடத்துக்கு வாருங்கள். விளையாடும் பிள்ளை சும்மா இருக்குமா? "மருந்து தேடு", "மானைக் காப்பாற்று" என்று தட்டச்சு செய்யும். இரக்கமுள்ள எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். இப்னு துஃபைல் அதற்குப் பதில் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. உரையாடல் செயலிகள் கேட்பவரைத் திருப்திப்படுத்தும் வகையில் பழக்கப்பட்டவை. எனவே ஒரு மூலிகை கிடைக்கும், மான் எழுந்து நிற்கும், பிள்ளை மகிழும். அத்தோடு நூலும் முடிந்தது. மான் இறக்காவிட்டால் உயிர் என்றால் என்ன என்ற கேள்வி இல்லை. கேள்வி இல்லாவிட்டால் ஹய்யு வெறும் தீவுவாசி.

நல்ல விளையாட்டு வடிவமைப்பாளர் இந்த இடத்தில் வேறு மாதிரி யோசிப்பார். மூலிகை தேட விடுவார், தீவெங்கும் அலைய விடுவார், ஆனால் மானைப் பிழைக்க விடமாட்டார். தேடித் தோற்ற அனுபவமே ஹய்யின் அனுபவம் என்று அவருக்குத் தெரியும். அந்த முடிவை எடுக்க நூலின் உயிர் எங்கே இருக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். வலைப்படத்தில் எல்லா முடிச்சுகளும் ஒரே அளவுதான். மானும் நாணலும் ஒன்றுதான்.

எதற்கும் 'சரி' சொல்லும் கதைசொல்லி

எதைக் கேட்டாலும் சரி என்று தொடரும் விளையாட்டு எப்படி இருக்கும் என்பதற்கு 'ஏஐ டஞ்சன்' சாட்சி. யூட்டா மாநிலத்துப் பிரிகம் யங் பல்கலைக்கழக மாணவர் நிக் வால்டன் உருவாக்கி 2019 டிசம்பரில் பெரிய அளவில் வெளிவந்தது. என்ன தட்டச்சு செய்தாலும் மொழி மாதிரி கதையைத் தொடரும். எல்லையே இல்லை என்பதுதான் அதன் கவர்ச்சி. 2021 ஏப்ரலில் அதுவே பிரச்சினையானது. சிறார் தொடர்பான ஆபாசக் கதைகள் அதில் உருவாவது தெரியவந்து, நிறுவனம் ஒரு வடிகட்டியைப் போட்டது. வடிகட்டி தீங்கில்லாத கதைகளையும் பிடித்தது. பிடிபட்ட கதைகளை ஊழியர்கள் படிக்கக்கூடும் என்று தெரிந்ததும், தாம் எழுதியது தமக்கு மட்டுமே என்று நம்பியிருந்த பயனர்கள் கொதித்தார்கள்.

இரு தரப்பிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. வடிகட்டி இல்லாவிட்டால் பிள்ளை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. வடிகட்டி இருந்தால் பிள்ளை தட்டச்சு செய்வதை வேறொருவர் படிக்கக்கூடும். பிள்ளைகள் இத்தகைய விளையாட்டில் தம் பெயரையும் பள்ளியையும் வீட்டுச் சண்டையையும்கூட எழுதிவிடுகிறார்கள். பாத்திரத்தோடு பேசுவதாக நினைத்துத்தான். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கணக்குத் தொடங்கும்போது பிறந்த ஆண்டை மாற்றிப் போடத் தெரியாத பிள்ளை இன்று எங்கே இருக்கிறது?

படத்திலும் இதே திசையில் வேலை நடக்கிறது. கூகுள் டீப்மைண்ட் 2025 ஆகஸ்டில் அறிவித்த 'ஜீனி 3' சில வரி வருணனையிலிருந்து நாம் உள்ளே நடமாடக்கூடிய உலகத்தை நொடிக்கு 24 படங்களாக உடனுக்குடன் வரைகிறது. அந்த உலகம் சில நிமிடங்கள் வரைதான் முன்பின் முரணில்லாமல் நிற்கிறது. ஒரு நாவல் முழுவதையும் அதற்குள் அடக்கும் நாள் இன்னும் வரவில்லை.

மார்க்க வரலாறுகளை இதில் போடலாமா?

இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. கற்பனைக் கதையில் இயந்திரம் இட்டுக்கட்டினால் கதை கெடும், அவ்வளவுதான். நபிமார்களின் வரலாற்றையோ ஸஹாபாக்களின் வரலாற்றையோ ஒட்டி விளையாட்டாக மாற்றச் சொன்னால் நிலைமை வேறு. பிள்ளை கேள்வி கேட்கும். பாத்திரம் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் எந்த ரிவாயத்திலும் இல்லாமல், அந்த நொடியில் உருவான வாக்கியமாக இருக்கும். நபியவர்கள் சொல்லாததை அவர்கள் சொன்னதாக ஆக்குவது எத்தகைய குற்றம் என்பதை நம் வீடுகளில் விளக்க வேண்டியதில்லை. உருவம் வரைவது பற்றிய எச்சரிக்கை நம்மிடம் வலுவாக இருக்கிறது. எழுத்து விளையாட்டில் உருவமே இல்லை என்பதால் அந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. வாயில் சொல்லை வைப்பது அங்கே நடக்கிறது.

உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடுவதற்கு முன் கீழக்கரையில் சதக்கத்துல்லாஹ் அப்பாவிடம் உரை கேட்டுப் போனார் என்பது நம்மிடையே வழங்கிவரும் வரலாறு. தமிழில் தேர்ந்த புலவர், மூலம் எது என்று அறிய ஆலிமைத் தேடிப் போனார். செயலி யாரையும் தேடிப் போவதில்லை. தெரியாத இடத்தில் அது நிற்பதும் அபூர்வம். ஆகவே இந்த வகை வரலாறுகளை இத்தகைய கருவிகளில் போட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. வினாடி வினாவாகச் செய்ய விரும்பினால் கேள்வியையும் விடையையும் மத்ரஸா உஸ்தாத் எழுதித் தரட்டும். இயந்திரம் அதை அப்படியே காட்டட்டும். கேள்விக்கு விடையாகவே நடக்கும் மசாலா இலக்கியம் தமிழ் முஸ்லிம்களிடம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. 1572ஆம் ஆண்டைச் சேர்ந்த 'ஆயிர மசாலா' அதற்குச் சான்று.

கதாசிரியரின் உரிமையும் கவனத்துக்குரியது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. தழுவி வேறு வடிவமாக்கும் உரிமையும் அதில் அடக்கம். தோப்பில் முஹம்மது மீரான் 2019இல் மறைந்தார். அவருடைய கதைகளை விளையாட்டாக்கி வெளியிட 2079 முடியும் வரை உரியவர்களின் அனுமதி வேண்டும். இப்னு துஃபைலிடம் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் இன்றைய மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை உண்டு.

பிள்ளையே செய்யட்டும்

இவ்வளவும் சொன்ன பிறகு, கதையை விளையாட்டாக்கும் வேலையே வேண்டாம் என்று சொல்வது சரியல்ல. அந்த வேலையில் இயந்திரம் செய்வதைப் பிள்ளை செய்தால் அதைவிடச் சிறந்த வாசிப்புப் பயிற்சி குறைவு. 'ட்வைன்' என்ற இலவசக் கருவி 2009 முதல் இருக்கிறது. நிரல் அறிவு தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். ஒரு பெட்டியில் ஒரு காட்சி. அதன் கீழே இரண்டு மூன்று தேர்வுகள். ஒவ்வொரு தேர்வும் இன்னொரு பெட்டிக்குப் போகும். அவ்வளவுதான்.

பாடப்புத்தகத்துச் சிறுகதை ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முழுக் கதையும் வேண்டாம், ஒரு காட்சி போதும். கதாநாயகன் செய்ததை முதல் தேர்வாக எழுதட்டும். "அவன் அப்படிச் செய்யாமல் வேறு என்ன செய்திருக்கலாம்?" என்று கேளுங்கள், அவை மற்றத் தேர்வுகள். பிறகு ஒவ்வொன்றின் முடிவையும் எழுதும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கதையில் இது நடக்குமா, நடக்கவே நடக்காதா?" பிள்ளை கதையைத் திரும்பப் புரட்டும். ஹய்யின் மானைப் பிழைக்க வைப்பதா வேண்டாமா என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை அரை மணி நேரம் வாதாடினால், அந்த அரை மணி நேரம் வீண்போகாது. வாதாடி முடித்தபின் வருணனைகளைச் சீர்செய்யவோ எழுத்துப் பிழை பார்க்கவோ செயலியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அப்போதும், செயலி எழுதித் தந்த வரிகளைப் பிள்ளை வேறு நிறத்தில் குறித்து வைக்கட்டும். நாளைக்கு அந்த விளையாட்டை ஆடும் தங்கைக்கு எது அண்ணன் எழுதியது, எது கதாசிரியர் எழுதியது, எது இயந்திரம் போட்டது என்று பிரித்துக் காட்டலாம்.